அரைவைப்பையைத் திறந்து பாராமல் பறவையைப் புதைக்க வேண்டாம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலாளர்களுக்கும், இரு மாவட்டங்களிலும் பணிபுரியும் வனஜீவராசிகள், கடற்றொழில், கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்கள அலுவலர்களுக்கும், வாவியோர மீனவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

வாவிக்கரையிலோ குளக்கட்டிலோ நீர்ப்பறவை ஒன்று செத்துக் கிடந்தால் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் மூன்றுதான்: வயலுக்கு அடித்த மருந்து, வெயில், இல்லாவிட்டால் ஏதோ நோய். பறவையைப் புதைத்ததும் விடயம் முடிந்துவிடும். இந்த மூன்றும் பறவைகளைக் கொல்வது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நான்காவது காரணமும் ஒன்று உண்டு. அது வெளியே தெரியாது. பறவையின் அரைவைப்பைக்குள் மணலோடு மணலாகக் கிடக்கும். அந்தப் பையைத் திறக்காதவரை, நமது நீர்நிலைகளில் ஈயத்தால் பறவைகள் சாகின்றனவா என்ற கேள்விகூட எழாது.

உங்களிடம் கேட்பவை இரண்டு. இறந்த நீர்ப்பறவைகளின் அரைவைப்பையை ஒழுங்கான முறையில் திறந்து பாருங்கள். வாவியிலும் குளங்களிலும் வீசப்படும் வலையிலிருந்தும் தூண்டிலிலிருந்தும் ஈயத்தை எடுத்துவிட வழி செய்யுங்கள். இரண்டாவதைச் செய்ய முதலாவதன் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

பறவைக்குப் பல் இல்லை. கொத்தி விழுங்கும் நெல்லும் விதையும் நத்தையும் முதலில் சுரப்பு இரைப்பைக்குப் போகும். அங்கே ஐதரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்ற நொதியமும் அவற்றோடு சேரும். அடுத்தது அரைவைப்பை. கோழி வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோலும் சிறு கற்களுமாக வருகிறதே, அந்தத் தடித்த தசைப்பைதான். விதை தின்னும் தாராக்களுக்கு அதுதான் ஆட்டுக்கல். அதற்கு வேண்டிய கல்லை அவை தேடி விழுங்கும், தேய்ந்து போனால் திரும்பவும் தேடும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பக்கம் மணலுக்குக் குறைவில்லை. மேற்கே படுவான்கரைச் சேற்றிலும் வயல்களிலும் கல் அரிது. அப்படியான இடத்தில் 3 மில்லிமீற்றர் அளவான துவக்குச் சன்னமோ, தூண்டில் நூலில் கடித்து நெரிக்கும் சிறு ஈயமோ அலகில் பட்டால், கல்லென்றோ விதையென்றோ எண்ணித் தாரா அதை விழுங்கிவிடும்.

வாவிச் சேற்றில் அதே ஈயம் பல பத்தாண்டுகள் கிடந்தாலும் பெரிதாகக் கரையாது. அரைவைப்பைக்குள் கதை வேறு. அங்கே அமிலத்தின் பீஎச் பெறுமானம் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும், அதாவது கடும் அமிலம். அதோடு கற்கள் இடைவிடாமல் உராயும். ஈயம் மென்மையான உலோகம், அதனால் ஒவ்வொரு உராய்விலும் புதிய மேற்பரப்பு வெளிப்படும், வெளிப்பட்டதை அமிலம் கரைக்கும். சன்னம் ஒன்று அரைவைப்பையில் தங்கிவிட்டால் ஏறத்தாழ 20 நாட்களில் முழுதாகத் தேய்ந்து போகலாம். பறவையும் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்தான் சாகிறது. அதனால் அரைவைப்பையில் ஈயத் துண்டு அகப்படாத பறவை ஈயத்தால் சாகவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. துண்டு தேய்ந்து முடிந்திருக்கலாம், எச்சத்தோடு வெளியேறியும் இருக்கலாம்.

கரைந்த ஈயத்தைச் சிறுகுடல் கல்சியம் என்று ஏமாந்து உள்ளே எடுக்கிறது. இரையில் கல்சியம் குறைவாக இருந்தால் ஈயம் இன்னும் கூடுதலாக உறிஞ்சப்படும். முட்டையிடும் பெட்டைகள் கல்சியத்துக்காக அலையும் காலத்தில் ஆபத்து அதிகம். இரத்தத்தில் சேர்ந்த ஈயம் சிவப்பணு உருவாவதற்கு வேண்டிய நொதியத்தை முடக்குவதால் சோகை வரும். நரம்புகளைத் தாக்குவதால் சமிபாடு நின்றுபோகும். சுரப்பு இரைப்பையையும் அரைவைப்பையையும் அசைக்கும் நரம்பு செயலிழந்ததும் விழுங்கிய நெல் கீழே இறங்காது. தொண்டைக்குழாய் தொடக்கம் இரைப்பை வரை இரை அடைத்து நிற்க, அந்தப் பறவை பட்டினியால் சாகிறது. உடல் நிறையில் பாதி வரை இழந்த பிறகே பல பறவைகள் விழுகின்றன. குடலிலிருந்து பித்தநீர் மேலே ஏறி அரைவைப்பையின் உட்தோலைக் கரும்பச்சையாக்கும், அந்தத் தோல் வெடித்து உரியவும் தொடங்கும். பித்தப்பை வீங்கித் தடித்த பச்சை நீரால் நிறைந்திருக்கும். எச்சம் பச்சையாகத் தண்ணீர்போலப் போய்க் கழிவாய்ச் சிறகுகளில் ஒட்டிக்கொள்ளும்.

நமது இடத்துக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. தாராக்களை வைத்துச் செய்த தீவனப் பரிசோதனைகளில், ஒரே அளவு ஈயம் கொடுக்கப்பட்டும் முழுத் தானியம் தின்ற பறவைகள் கூடுதலாகச் செத்தன, கல்சியமும் புரதமும் உள்ள கலப்பு இரை தின்றவை கூடுதலாகத் தப்பின. கடினமான தானியம் அரைவைப்பையை அதிகமாக வேலை வாங்குகிறது, ஆனால் கல்சியம் தருவதில்லை. பெரும்போக அறுவடை முடிகிற மாசி, பங்குனியில் வலசை வந்த ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும், இங்கேயே இருக்கும் சீழ்க்கைச் சிறகியும் தின்பது சிந்திய நெல்லைத்தான். சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்கள் தொடக்கம் படுவான்கரை வயல்கள் வரை அதுதான் நிலைமை. ஸ்பெயினின் எப்ரோ ஆற்றுக் கழிமுகமும் இப்படி நெல்வயலும் களப்பும் சேர்ந்த நிலம். வேட்டைச் சன்னம் விழுங்கிய ஊசிவால் வாத்துகளின் வீதம் உலகிலேயே மிக உயர்வாகப் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. அந்நாடு 2001இல் ஈரநிலங்களில் ஈயச் சன்னத்தைத் தடைசெய்தது. இங்கே நீர்ப்பறவை வேட்டை அந்த அளவுக்கு இல்லை என்பது சரிதான். ஆனால் சட்டவிரோதத் துவக்கு இல்லாமலும் போகவில்லை. வலை ஈயமோ எங்கும் உண்டு.

இனி முதல் கோரிக்கைக்கு வருவோம்.

ஈய நஞ்சால் சாகும் பறவை பெரும்பாலும் கூட்டமாகச் சாவதில்லை. பறக்க முடியாமல், இறகுகளைக் கூரைபோலத் தாழ்த்தி, பன்புல்லுக்குள்ளும் கண்டல் அடியிலும் தனியே ஒதுங்கும். நாயும் கபரகொய்யாவும் பருந்தும் காகமும் அதை எடுத்துவிடும். அதனால்தான் இது கண்ணில் படுவதில்லை. இதற்கு மாறாக ஒரே நாளில், ஒரே வயலில், உடம்பில் சதைபிடித்த பறவைகள் பல, தொண்டையில் புது நெல்லோடு கிடந்தால், முதலில் நினைக்க வேண்டியது பூச்சிமருந்து. கழுத்துத் துவண்டு, நீரோரமாக, காயமோ மெலிவோ இல்லாமல் பல பறவைகள் கிடந்தால் பொட்டுலிசம், அதாவது பற்றீரியா நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய். வறண்டு சூடேறிய ஆடி, ஆவணி மாதங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். மார்பெலும்பு கத்திபோல நீட்டிக்கொண்டு, கழிவாய் பச்சையாக, ஒன்றிரண்டாகக் கிடந்தால் ஈயத்தைத் தேடுங்கள். மெலிவை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். மார்பெலும்பின் இருபக்கமும் விரலை வைத்துப் பாருங்கள், நல்ல பறவையில் சதை எலும்போடு சமமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு பறவைகள் ஒன்றாக இறந்திருந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்படியான இடத்தில் களத்தில் வைத்து எதையும் திறக்க வேண்டாம். மிருக வைத்தியருக்கு அறிவித்துவிட்டு ஆட்களையும் நாய்களையும் வீட்டுக் கோழிகளையும் விலக்கி வையுங்கள். தனிப்பறவை என்றாலும் கையுறை, முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் தொடக்கூடாது. காட்டுப் பறவையின் உடலை எடுப்பதும் வைத்திருப்பதும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஆகவே வனஜீவராசிகள் அலுவலருக்கு அறிவித்து, மிருக வைத்தியரின் கையால்தான் உடல் திறக்கப்பட வேண்டும். மீனவர் செய்ய வேண்டியது அறிவிப்பது மட்டுமே. இப்போதைய குறை, யாருக்கு அறிவிப்பது என்று கரையில் எழுதி ஒட்டப்படாததுதான்.

உடலை இரட்டைப் பொலித்தீன் பையில் இட்டு, இடம், திகதி, பறவை இனம், கடைசியாக உயிரோடு கண்டபோது எப்படி நடந்துகொண்டது என்ற விபரங்களைப் பென்சிலால் எழுதி இரு பைகளுக்கும் இடையில் வையுங்கள். பேனை மை ஈரத்தில் ஓடிவிடும். 24 மணித்தியாலத்துக்குள் திறக்க முடியுமானால் ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விட வேண்டாம். அதற்கு மேல் ஆகுமானால் உறைய வையுங்கள். உறைந்த உடலில் இழைய ஆய்வு கெட்டுப் போகும், ஆனால் உலோக அளவீட்டுக்குப் பாதிப்பில்லை.

எக்ஸ்றே வசதி இருந்தால் திறப்பதற்கு முன் ஒரு படம் எடுக்க வேண்டும். உலோகம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், எத்தனை என்று எண்ணலாம். திறக்கும்போது தொண்டைக்குழாய், சுரப்பு இரைப்பை, அரைவைப்பை மூன்றையும் வெட்டாமல் ஒன்றாக எடுங்கள். இரை எங்கே அடைத்து நிற்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அரைவைப்பையின் வெளிச்சுவரைக் கவனியுங்கள். சுட்டதால் வந்த துளை இருந்தால், உள்ளே இருக்கும் சன்னம் விழுங்கியதா, துளைத்து வந்ததா என்ற குழப்பம் வரும். துளைத்து வந்த சன்னம் தட்டையாகவோ கோணலாகவோ இருக்கும், சுற்றிலும் இரத்தக் கறை இருக்கும். விழுங்கியது தேய்ந்து, வழவழப்பான தட்டுப்போலச் சிறுத்திருக்கும்.

பையை வெட்டித் திறந்து உள்ளடக்கம் முழுவதையும் அகலமான வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டில் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுச் சுழற்றினால் உமியும் விதையும் மேலே மிதக்கும், அவற்றை வடித்துவிடலாம். அடியில் நிற்பது கல்லும் உலோகமும். காந்தத்தை ஒரு பொலித்தீனில் சுற்றி அதன் மேல் ஓட்டினால் இரும்பு ஒட்டிக்கொள்ளும், ஈயம் ஒட்டாது. மிஞ்சியவற்றில் கரும் சாம்பல் நிறத் துண்டு ஒவ்வொன்றையும் கத்தி நுனியால் கீறிப் பாருங்கள். கல் கீறுப்படாது. ஈயம் எளிதில் வெட்டுப்படும், வெட்டிய இடம் பளபளக்கும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை, ஒரு தட்டும் காந்தமும் போதும். உட்தோலின் நிறத்தையும் பதிவு செய்யுங்கள். பச்சைக் கறை பட்டினியால் இறந்த எந்தப் பறவையிலும் வரலாம், ஆகவே அது மட்டுமே சான்று அல்ல.

உறுதியான சான்று ஈரலில் கிடைக்கும். ஈரலும் சிறுநீரகமும் தலா 5 முதல் 10 கிராம் வரை, தனித்தனிப் பிளாஸ்ரிக் பைகளில் உறைய வைத்து அனுப்ப வேண்டும். அலுமினியத் தாளில் சுற்றக்கூடாது. நீர்ப்பறவையின் ஈரலில், ஈர நிறைக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஈயம் இருந்தால் அது சாதாரணம். 6க்கு மேலே போனால் நஞ்சேற்றம் என்று கொள்ளலாம். உயிருள்ள பறவையில் இரத்தம் எடுக்கலாம்: ஒரு டெசிலீற்றரில் 20 மைக்கிரோகிராமுக்குள் இயல்பு, 50ஐத் தாண்டினால் நோய்க்குறி, 100ஐத் தாண்டினால் கடுமை. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்றுண்டு. ஈயம் பெரும்பாலும் சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. இரத்தத்தை உறைய விட்டுச் சீரத்தைப் பிரித்து அனுப்பினால் முடிவு "ஈயம் இல்லை" என்று வரும். முழு இரத்தமாக, உறையாமல் காக்கும் மருந்திட்ட குழாயில்தான் அனுப்ப வேண்டும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தோடும் கன்னொறுவை மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தோடும் முன்கூட்டியே பேசி, மாதிரி வந்தால் யார் பொறுப்பேற்பது, எந்த வாகனத்தில் போவது, செலவு எந்தத் தலைப்பில் என்று எழுத்தில் ஒழுங்கு செய்யுங்கள். பறவை செத்த பிறகு இதைப் பேசத் தொடங்கினால் ஈரல் அழுகிவிடும்.

உயிரோடு அகப்படும் பறவையைக் காப்பாற்றவும் முடியும். ஆனால் வரிசை மாறக்கூடாது. முதலில் அரைவைப்பையில் இருக்கும் உலோகத்தை வெளியே எடுக்க வேண்டும்: தலையைத் தாழ்த்திப் பிடித்து, இளஞ்சூட்டு நீரைக் குழாய்வழி செலுத்திக் கழுவி, மீண்டும் எக்ஸ்றே பார்க்க வேண்டும். துண்டு உள்ளே இருக்கையில் மருந்தைக் கொடுத்தால், இரத்தத்தில் ஈயம் வடிய வடியப் பையிலிருந்து புது ஈயம் ஏறிக்கொண்டே இருக்கும். ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து கல்சியம் இருசோடியம் ஈடிடிஏ. வழமையான அளவு உடல்நிறை கிலோவுக்கு ஏறத்தாழ 35 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை தசையில், ஐந்து நாள், பிறகு சில நாள் இடைவெளி. பெயரில் "கல்சியம்" இல்லாத இருசோடியம் ஈடிடிஏயைத் தவறியும் ஏற்றக்கூடாது. அது இரத்தத்துக் கல்சியத்தை இழுத்துப் பறவையைக் கொன்றுவிடும். மருந்து உள்ள நாட்களில் நெல் போட வேண்டாம், ஊறவைத்த மென்தீவனமும் நசுக்கிய சிப்பித் தூளும் போதும்.

மற்ற உலோகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், அவை முக்கியமற்றவை என்பதால் அல்ல, கேட்கும் நடவடிக்கை வேறு என்பதால். நாகம், அதாவது துத்தநாகம், அரைவைப்பையில் ஈயத்தைப் போலவே கரையும். அது கெடுப்பது சதையியை. சமிபாட்டு நொதியங்கள் சுரக்காமல் போகப் பறவை தின்றும் மெலியும். கட்மியம் பொசுபேற்றுப் பசளையோடு வயலுக்கு வரலாம். அது குடற்சுவரிலும் பின்பு சிறுநீரகத்திலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, கல்சியம் உள்வாங்கலைக் குறைக்கும். அதைத் தேட வேண்டிய உறுப்பு ஈரல் அல்ல, சிறுநீரகம். இரசம், அதாவது பாதரசம், களப்புச் சேற்றுப் பற்றீரியாக்களால் மெதைல் இரசமாகி மீன் வழியே கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் போய்ச் சேரும். குடல் அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. பித்தநீரோடு வெளியேறியதையும் குடல் திரும்பவும் உறிஞ்சும். பறவை அதைக் கழிக்கும் பெரிய வழி இறகு. உதிர்ந்த இறகைச் சேகரித்தே அளக்கலாம், பறவையைத் தொடவே தேவையில்லை. திறந்த குப்பைமேடுகளில் பழைய பற்றரி, குழல் விளக்கு, செம்புக் கம்பிக்காக எரித்த வயர்ச் சாம்பல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. உண்ணிக்கொக்கும் காகமும் பருந்தும் அங்கேதான் மேய்கின்றன. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்ரிக் தின்று செத்தபோது நாடே பார்த்தது. அதே மேட்டில் பறவை எதைத் தின்கிறது என்றும் பார்க்க வேண்டும். உள்ளூராட்சி மன்றங்கள் பற்றரியையும் விளக்கையும் வாசலிலேயே பிரித்து வாங்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாவது கோரிக்கை மீனவர் சங்கங்களுக்கும் கடற்றொழில் திணைக்களத்துக்கும் உரியது.

வீச்சு வலை ஒன்றின் விளிம்பில் சில கிலோ ஈயம் இருக்கும். வலையிறவு, மண்முனை, பட்டிருப்புப் பாலங்களின் அடியில் வலை கல்லிலும் தூணிலும் சிக்கிக் கிழியும்போது அந்த ஈயம் தண்ணீரோடு போகிறது. தூண்டில் தங்கூசி அறுந்தால் அதோடு சிறு ஈயமும் போகும். மிகச் சிறியவைதான் மிகக் கெட்டவை. பிரித்தானியா 1987இல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையான தூண்டில் ஈயங்களைத் தடைசெய்தது, தேம்ஸ் ஆற்று அன்னங்கள் அவற்றை விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன. தடைக்குப் பின் அன்னங்களின் தொகை மீண்டது. 1991இல் அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயச் சன்னத்தை நாடு முழுவதும் நிறுத்தியது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரநிலங்களில் நிறுத்தியது. நாமும் 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்த நாடுதான். அதனால்தான் முதலிலேயே சொன்னோம், வலை ஈயத்தை மாற்ற உள்ளூர்ப் பறவைச் சாவுக் கணக்குக் கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விழுங்கிய ஈயம் என்ன செய்யும் என்பது தெரிந்த விடயம்.

மீனவர் சொல்லும் தடை நியாயமானது: இரும்பு பாரம் குறைவு, வலை விரைவாக அமிழாது. இதைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு கிலோ ஈயம் தண்ணீருக்குள் ஏறத்தாழ 912 கிராம் பாரமாக நிற்கும். ஒரு கிலோ இரும்பு 873 கிராமாக நிற்கும். ஆக 3 கிலோ ஈயத்துக்குப் பதில் 3 கிலோ 140 கிராம் இரும்பு போட்டால் இழுவிசை சமம். பருமன் மட்டும் ஒன்றரை மடங்காகும், அதனால் வலை விளிம்பு கொஞ்சம் தடிக்கும். 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்குரிய இரும்பு நட்டு ஒன்று ஏறத்தாழ 11 கிராம், 8 மில்லிமீற்றருக்குரியது 5 கிராம். 3 கிலோ வலைக்குப் பெரியது 285 அளவில் வேண்டும். சிறு வளையச் சங்கிலியும் நல்லது, பாரம் ஒரே சீராகப் பரவும், தரையோடு ஒட்டி விழும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கடையில் பளபளப்பாகவோ மஞ்சளாகவோ கிடைக்கும் நட்டும் சங்கிலியும் பெரும்பாலும் நாகம் பூசியவை. ஈயத்தை எடுத்துவிட்டு அதைப் போட்டால் பறவைக்கு ஒரு நஞ்சுக்குப் பதில் இன்னொரு நஞ்சு. முலாம் பூசாத கறுப்பு இரும்பே வேண்டும். அது துருப்பிடிக்கும், மறைக்கவில்லை. துரு தங்கூசியைத் தேய்க்காமல் இருக்க, இரும்பை வலைக் கண்ணில் நேரே கோக்காமல் தனியான அடிக்கயிற்றில் கோத்து, அந்தக் கயிற்றை வலையோடு இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். பாவித்த பின் நன்னீரில் அலசிக் காயவிட்டால் இன்னும் சில பருவம் நிற்கும். துரு தின்ற துண்டைப் பறவை விழுங்கினாலும் இரும்பு அதைக் கொல்லாது. தெப்பத்திலும் தோணியிலும் நிறுத்திப் பிடிக்கும் வலைகளுக்குச் சுட்ட களிமண் குண்டு போதும். தண்ணீருக்குள் அதன் பாரம் பாதியாகிவிடுவதால் ஈயத்தின் நிறையைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேண்டும். ஆகையால் வீச்சு வலைக்கு அது சரிவராது.

பழைய ஈயத்தை எவரும் சும்மா தரமாட்டார், தரச் சொல்வதும் முறையல்ல. அதற்குப் பழைய இரும்பு வியாபாரியிடம் விலை இருக்கிறது. ஆகவே நிறைக்கு நிறை மாற்றுத் திட்டம் வேண்டும்: ஒரு கிலோ ஈயம் கொண்டுவந்தால் ஒரு கிலோ ஐம்பது கிராம் கறுப்பு இரும்பு. சங்கக் கட்டிடத்தில் தராசு ஒன்றும் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி ஒன்றும் போதும். சேர்ந்த ஈயம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் கழிவு முகாமை உரிமம் உள்ளவரிடமே போக வேண்டும். திரும்பவும் வீட்டு அடுப்பில் உருகக் கூடாது. பழைய பற்றரித் தகட்டை உருக்கி ஈயக் குண்டு வார்க்கும் வீடுகளில் முதலில் நஞ்சேறுவது பறவைக்கு அல்ல, அந்த வீட்டுக் குழந்தைக்கு. சிறு ஈயத்தைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கமும், ஈயம் தொட்ட கையால் சோறு தின்பதும் அதே கணக்கில் சேரும். பறவைக்காக அக்கறைப்படாதவரும் இந்தக் காரணத்துக்காக மாறலாம்.

இதற்கிடையில் சேற்றில் ஏற்கெனவே கிடப்பதையும் அளவிட வேண்டும். வாவி நீர் வற்றும் ஆவணி, புரட்டாசியில், பாலங்களின் அடியிலும் வலை வீசும் வழமையான துறைகளிலும், 50க்கு 50 சென்ரிமீற்றர் சட்டம் ஒன்றை வைத்து, 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை சேற்றை எடுத்து 2 மில்லிமீற்றர் அரிப்பில் கழுவினால் ஈயம் எண்ணிக்கையில் வரும். ஒரு துறைக்கு இருபது சட்டம் எடுத்தால் ஒப்பிடக்கூடிய எண் கிடைக்கும். அதே துறையில் தாராக்கள் மேய்கின்றனவா என்பதையும் கூடவே எழுதுங்கள். ஆழம் அரை மீற்றருக்கு மேற்பட்ட இடத்தில் அவற்றில் பெரும்பாலானவை அடியைத் தொடுவதில்லை. ஆகவே ஈயம் அதிகமாகக் கிடந்தும் ஆபத்துக் குறைந்த துறைகள் இருக்கும், முதலில் சுத்தம் செய்ய வேண்டியவை அவையல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவரும் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. இறக்காமம், உன்னிச்சைக் குளங்களிலும் பொத்துவில் களப்பிலும் அதே முறையைப் பின்பற்றலாம். குமண 2010இல் றம்சார் ஈரநிலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு உள்ளே சட்டம் இறுக்கம். அங்கே கூடுகட்டும் பறவைகள் இரை தேடிப் போகும் பாணம, பொத்துவில் வயல்களும் களப்புகளும் அதற்கு வெளியே இருக்கின்றன.

உங்களிடமிருந்து நாங்கள் எதிர்பார்ப்பது, எதிர்வரும் வலசைப் பருவம் தொடங்கும் ஐப்பசிக்கு முன் மூன்று காரியங்கள். ஒவ்வொரு துறையிலும் இறந்த பறவையை அறிவிக்க வேண்டிய தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். இரு மாவட்டங்களிலும் உள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்கள் ஒவ்வொன்றுக்கும் தட்டு, காந்தம், கையுறை, மாதிரிப் பைகள், பதிவுத் தாள் கொண்ட பெட்டி ஒன்றைக் கொடுங்கள். மாற்றுத் திட்டத்தை ஒரேயொரு சங்கத்தில் தொடங்கி, எத்தனை கிலோ ஈயம் வந்தது, இரும்பு வலை எத்தனை மாதம் நின்றது, மீன்பாடு குறைந்ததா என்று மீனவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். குறைந்தது என்று அவர்கள் சொன்னால் அந்தக் கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள், பாரக் கணக்கை அவர்களோடு இருந்து திரும்பப் போட்டுப் பார்க்கலாம்.

இவண்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கால்நடை வைத்தியத்திலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் ஈடுபட்டுள்ளோர்